கவின் என்னும் சொல்: சங்கப் பாட்டிலிருந்து வேலூர்க் கோட்டை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அழகைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. எழில், கவின், வனப்பு, நலம், ஏர், அணி என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. பள்ளியில் இவை எல்லாவற்றையும் 'அழகு' என்ற ஒரே பொருளுக்கு உரியவையாக மனப்பாடம் செய்கிறோம். பிறகு ஓர் அழைப்பிதழில் 'எழில்மிகு வேலூர் மாநகரில்' என்று அச்சாகும்போதும், மேடையில் ஒருவர் 'கவின்மிகு மாலைப்பொழுதில்' என்று தொடங்கும்போதும் அவற்றை மறுபடி சந்திக்கிறோம். அங்கே எழிலை எடுத்துவிட்டுக் கவினைப் போட்டாலும் யாருக்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை.

பழைய புலவர்கள் இப்படிச் சொல்லை மாற்றிப் போட்டவர்கள் அல்லர். அவர்கள் கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குணம் இருந்தது. அவற்றில் கவின் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் குணத்தைப் பாட்டுகளிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பிறகு நம் எழுத்தில் அதை எங்கே வைப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கவின் என்பது வந்து போகும் அழகு. ஒருவர் தரலாம், ஒருவர் பறிக்கலாம், இழந்தபின் மீண்டும் பெறலாம். இதை நீங்கள் என் பேச்சை நம்பி ஏற்க வேண்டியதில்லை. பாட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களையும், எழுதிப் பழகுகிறவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். உரையுடன் கூடிய குறுந்தொகை, அகநானூறு, திருக்குறள் மூன்றும் வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கட்டாயம் வேண்டும். கையால் எழுதும்போதுதான் சொல்லின் அக்கம்பக்கம் கண்ணில் படும்.

முதல் படி: வீட்டில் புழங்கும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்

நூலைத் திறப்பதற்கு முன், நம் வீடுகளில் அழகைச் சொல்ல என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். அழகு, லட்சணம், அம்சம், நேர்த்தி, களை. இந்த ஐந்தும் பெரும்பாலும் வந்துவிடும். இப்போது ஒவ்வொன்றும் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று பாருங்கள்.

பெண் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா 'பெண் லட்சணமாக இருக்கிறாள்' என்கிறார். லட்சணம் பிறவியில் அமைந்தது. இன்று இருந்து நாளை போவதில்லை. ஆரணிப் பட்டைக் கையில் எடுத்துக் கரையைத் தடவிப் பார்ப்பவர் 'நேர்த்தியான நெசவு' என்கிறார். நேர்த்தி செய்தவர் கையிலிருந்து வருவது. களை மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையைப் பார்த்து 'முகத்தில் களையே இல்லை' என்கிறோம். நாலு நாள் சரியாகச் சாப்பிட்டபின் 'இப்போதுதான் களை வந்திருக்கிறது' என்கிறோம். திருவிழா களைகட்டுகிறது. மகள் மறுவீடு போனதும் வீடு களை இழக்கிறது.

களை போகிறது, வருகிறது, கட்டுகிறது, இழக்கப்படுகிறது. இந்த நான்கு வினைகளையும் நோட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள். நம் பேச்சில் களை நிற்கும் இடத்தில்தான் சங்கப் பாட்டில் கவின் நிற்கிறது.

இரண்டாம் படி: அகராதியைப் பாருங்கள், அங்கேயே தங்கிவிடாதீர்கள்

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் கவினைத் தேடினால் அழகு என்ற பொருள் கிடைக்கும். அதற்கு மேல் அகராதியிடம் எதிர்பார்க்கக் கூடாது. அகராதி சொல்லை அடையாளம் காட்டும். அதன் நடத்தையைப் பாட்டுத்தான் காட்டும்.

தொல்காப்பிய உரியியலில் ஒரு சிறு நூற்பா இருக்கிறது: 'யாணுக் கவினாம்'. யாணு என்ற சொல்லுக்குக் கவின் என்பது பொருள், அவ்வளவுதான். உரியியல் வெளிப்படையாகப் பொருள் விளங்காத சொற்களை விளங்கும் சொற்களால் உணர்த்தும் பகுதி. அப்படியானால் அன்றைய வாசகருக்கு யாணுதான் அரிய சொல். கவின் விளக்கமே தேவைப்படாத சொல். இன்று நிலைமை தலைகீழ். கவின் என்று பெயர் வைத்த பையன்கள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். ஆனால் பேச்சில் அந்தச் சொல் இல்லை. கவின்கலைக் கல்லூரி, கவின்கலைப் பல்கலைக்கழகம் என்ற பெயர்ப் பலகைகளிலும் பிள்ளைகளின் பெயர்களிலுமாக அது உயிரோடு இருக்கிறது.

கணினியில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'கவி' என்று தேடினால் கவிஞர், கவிதை, கவிகை எல்லாம் வந்து குவியும். 'கவின்', 'கவினே', 'கவினி', 'கவினிய' என்று தனித்தனியாகத் தேடுங்கள். கவினுதல் என்று வினையாகவும் இந்தச் சொல் வரும். அதை விட்டுவிட்டால் பாதி இடங்கள் கைக்கு வராது.

மூன்றாம் படி: சொல்லோடு சேர்ந்து வரும் வினையைக் குறியுங்கள்

இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் படிதான். கிடைத்த ஒவ்வோர் அடியையும் நோட்டில் எழுதி, எதிரே மூன்று விவரம் குறியுங்கள். யாருடைய கவின் அல்லது எதனுடைய கவின்? முன்னால் என்ன அடை வந்திருக்கிறது? அதன்பின் வரும் வினை என்ன?

கவின் பெறுகிறது, வாடுகிறது, தொலைகிறது, அழிகிறது. அடையாகத் 'தொல்' என்பது அடிக்கடி வருகிறது. தொல்கவின் என்றால் முன்பு இருந்த கவின். முன்பு இருந்தது என்று சொல்லும்போதே இப்போது இல்லை என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்துப் பொருள் எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஒரு சொல்லின் குணத்தை அதன் வினையில்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: ஒரு பாட்டை முழுதாகப் படியுங்கள்

அடிகளைத் திரட்டினால் மட்டும் போதாது. ஒரு பாட்டையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை, ஒவ்வொரு சொல்லாக நின்று படிக்க வேண்டும். கவினுக்கு வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27-ஆம் பாட்டைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். ஐந்தே அடிகள்:

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்ஆன் தீம்பால் நிலத்து உக்காஅங்கு
எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது
பசலை உணீஇயர் வேண்டும்
திதலை அல்குல் என் மாமைக் கவினே

நல்ல பசுவின் இனிய பால். கன்றும் குடிக்கவில்லை, கறக்கும் பாத்திரத்திலும் விழவில்லை, மண்ணில் சிந்திப் போகிறது. 'உக்காங்கு' என்றால் சிந்தியது போல. 'என்னை' என்பதைப் பேச்சுத் தமிழில் வரும் என்னை என்று படித்துவிடாதீர்கள். அது 'என் ஐ', என் தலைவன். எனக்கும் ஆகவில்லை, அவனுக்கும் உதவவில்லை. பசலை, அதாவது பிரிவுத் துயரில் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றம், அதை உண்ண விரும்புகிறது.

இப்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எது ஆகவில்லை? எது உதவவில்லை? பசலை எதை உண்ணப் பார்க்கிறது? மூன்று அடிகள் கடந்தும் அதற்கு விடை இல்லை. பாட்டின் கடைசிச் சீர் வரை வெள்ளிவீதியார் நம்மைக் காக்க வைக்கிறார். கடைசியில்தான் 'என் மாமைக் கவினே' என்கிறார். அதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. கவின் என்ற சொல் வாய்க்கு வரும்போதே அது பாதி போய்விட்டது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். நான்காம் அடியில் மூன்றே சீர்கள். நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராய் வர வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் 'பசலை உணீஇயர் வேண்டும்' என்று அடி குறைந்து நிற்கும்போது ஒரு சீர் அளவுக்கு மூச்சு நிற்கிறது. உரக்கப் படித்தால் இது காதுக்குத் தெரியும். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் கவின் வருகிறது. 'மாமை' என்பதை மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். தளிர் நிறமும் நிற்காதது, சில நாளில் முற்றிப் பச்சையாகிவிடும். கவினுக்கு அடையாக இந்த நிறத்தை வைத்ததும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

பாலுக்கும் கவினுக்கும் உள்ள ஒற்றுமையை ஒரு வாக்கியமாக உங்கள் நோட்டில் எழுதுங்கள். இரண்டும் உரிய நேரத்தில் உரியவரைச் சேர வேண்டியவை. எடுத்து வைத்துக்கொள்ள முடியாதவை. இந்தப் பாட்டில் 'மாமைக் கவினே' இருக்கும் இடத்தில் 'மாமை எழிலே' என்று போட்டுப் படித்தால் ஏன் உறுத்துகிறது என்பது அப்போது புரியும்.

ஐந்தாம் படி: எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்

கவின் போகும் பாட்டைப் பார்த்தோம். வரும் பாட்டு அகநானூற்றின் 4-ஆம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது, தலைவன் திரும்பி வருவான் என்று தோழி தலைவிக்குச் சொல்கிறாள். முல்லை அரும்பு விடுகிறது. கொன்றையின் கட்டு அவிழ்கிறது. மழை விரைந்து பொழிகிறது. பிறகு இந்த அடி:

கார் செய்தன்றே கவின்பெறு கானம்

மழைக்காலம் கானத்தைக் கவின் பெறச் செய்துவிட்டது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம். கோடையில் சருகாய்க் கிடந்த சரிவு, மழை பிடித்த சில நாளில் எப்படி ஆகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மருதனார் சிறப்பையும் அழகையும் குறிக்க ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவில்லை. காட்டுக்குக் கவின். பூக்களில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்குமே என்று மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறானே, அந்தத் தலைவனின் தேருக்கு 'மாண்வினை'. பாட்டின் முடிவில் அவன் நினைத்து வரும் தலைவிக்கு 'மாணலம்'. தேர் மாட்சிமையான வேலைப்பாடு. தலைவியின் நலம் அவன் பிரிவில் நினைத்துக்கொண்டே வந்தது. காடுதான் இப்போது, இந்த மழையில், புதிதாகப் பெற்றிருக்கிறது. அதனால் அதற்கு மட்டும் கவின். ஒரே பாட்டில் இப்படிச் சொற்கள் இடம் பிரிந்து நிற்பதைப் பார்த்த பிறகு, இவை எல்லாம் 'அழகு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக மனம் வராது.

ஆறாம் படி: உரையாசிரியர்களைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்

திருக்குறளில் உறுப்புநலன் அழிதல் என்ற அதிகாரத்தில் 1234, 1235 ஆகிய அடுத்தடுத்த இரண்டு குறள்களும் 'தொல்கவின் வாடிய தோள்' என்றே முடிகின்றன. துணைவர் பிரிந்தார், தோள் மெலிந்தது, வளை கழல்கிறது. வாடுதல் பூவுக்கும் பயிருக்கும் உரிய வினை. வள்ளுவர் அதைக் கவினுக்குத் தருகிறார்.

பரிமேலழகர் இங்கே தொல்கவினை இயற்கை அழகு என்று கொண்டு, துணைவரால் பெற்ற செயற்கை அழகோடு சேர்த்து இதுவும் போயிற்று என்று பிரித்துக் காட்டுகிறார். திருப்பத்தூரில் 1912-இல் பிறந்த மு. வரதராசனார் தம் தெளிவுரையில் 'பழைய அழகு' என்று எளிமையாகச் சொல்கிறார். முதல் வாசிப்புக்கு மு.வ. உரை போல் கைகொடுப்பது வேறில்லை. குறளின் பொருள் ஒரு நொடியில் பிடிபடும். அதன்பின் பரிமேலழகரிடம் போங்கள். இரண்டையும் படித்துவிட்டு மூலத்துக்கே திரும்பி வந்தால், 'பழைய அழகு' என்று சொல்லும்போது நழுவிப் போகும் ஒன்று 'தொல்கவின்' என்பதில் இருப்பது தெரியும்.

எழிலுக்கும் இதே வழியைக் கையாளலாம். 407-ஆம் குறள்:

நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை யற்று

பரிமேலழகர் இங்கே எழிலை எழுச்சி என்றும் நலத்தை அழகு என்றும் தனித்தனியே பிரிக்கிறார். எழில், எழு என்ற வினையோடு உறவுள்ள சொல். நிமிர்ந்து நிற்பது, உயர்ந்து தோன்றுவது. மண்பாவைக்கும் எழில் இருக்கலாம் என்பதுதான் குறளின் அடிப்படையே. பாவையின் எழில் வாடாது, போகாது, வராது. உயிரில்லாத ஒன்றுக்குத் தரப்பட்ட சொல் கவினாக இல்லாமல் எழிலாக இருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஏழாம் படி: சொல்லை மாற்றிப் போட்டுச் சோதியுங்கள்

கம்பனின் புகழ்பெற்ற அடி: 'ஐயோ இவன் வடிவென்பதோர் அழியா அழகுடையான்'. மையோ, மரகதமோ, கடலோ, முகிலோ என்று உவமைகளைத் தேடிச் சலித்து, கடைசியில் உவமையே வேண்டாம் என்று விட்டுவிட்ட இடம். இங்கே 'அழியாக் கவின்' என்று போட்டால் என்ன ஆகும்?

முதலில் ஓசை கெடும். ஐயோ, அழியா, அழகு என்ற மோனை அறுந்துவிடும். ஆகவே யாப்புக்காகத்தான் அழகு வந்தது என்று ஒருவர் வாதிட்டால் அதைத் தள்ளிவிட முடியாது. சோதனை செய்யும்போது எதுகை, மோனை, சீர் மூன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். யாப்பு கட்டாயப்படுத்திய இடத்தில் பொருள் நுட்பத்தைக் கட்டி எழுப்புவது ஆபத்து. ஆனாலும் பொருளும் இங்கே உடன்படவே செய்கிறது. அழிதலும் வாடுதலும் கூடவே பிறந்த சொல் கவின். 'அழியா' என்ற அடையோடு அதைச் சேர்த்தால் சொல்லே அடையோடு சண்டையிடும்.

எல்லா இடத்திலும் சொற்கள் இப்படி வேலி கட்டிக்கொண்டு நிற்பதில்லை. நாலடியார் 'கல்வி அழகே அழகு' என்கிறது. சிறுபஞ்சமூலம் 'சொல்லின் வனப்பே வனப்பு' என்கிறது. உடலின் அழகுகளை வரிசையாக அடுக்கி, இவை அல்ல என்று தள்ளிவிட்டு, ஒன்றை நிறுவும் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. அழகும் வனப்பும் இங்கே கிட்டத்தட்ட இடம் மாறி நிற்கக் கூடியவை. தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்கு உரிய எட்டு வனப்புகளைச் சொல்லும்போது, அந்த எட்டில் ஒன்றாகவே 'அழகு' வருகிறது. அங்கே வனப்பு பெருந்தலைப்பு, அழகு அதன் கீழ் ஒரு வகை. பிற்காலத்தில் கவினும் தன் கூர்மையை இழந்து பொதுச் சொல்லாகப் பல இடங்களில் வருகிறது. அப்படிப்பட்ட இடங்களையும் மறைக்காமல் நோட்டில் குறித்து வையுங்கள்.

எட்டாம் படி: நம் ஊரை வைத்து எழுதிப் பாருங்கள்

படித்ததை எழுத்தில் போட்டுப் பார்க்காவிட்டால் சொல் நமக்குச் சொந்தமாகாது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். ஒரு தூணை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் முன் நில்லுங்கள். முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரை, அதன் மேல் வீரன், பக்கத்தில் யாளி. இதைச் சொல்ல எந்தச் சொல்?

கவின் இங்கே பொருந்தாது. கல்லில் வடித்தது வாடப் போவதில்லை. குதிரை எழுந்து நிற்பதால் எழில் தானாகவே வந்து பொருந்துகிறது. சேணத்தின் மணிகளையும் கடிவாளத்தின் முடிச்சுகளையும் சொல்ல நேர்த்தி அல்லது நுட்பம் என்று எழுதுங்கள். மண்டபம் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமானால் வனப்பு என்று சொல்லலாம்.

அதே கோயிலுக்குக் கவின் என்ற சொல் வேண்டிய ஓர் இடமும் உண்டு. நெடுங்காலம் கருவறையில் மூர்த்தி இல்லாமல், வழிபாடு நின்றுபோய்க் கிடந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த இலிங்கம் 1981-இல் இங்கே மீண்டும் எழுந்தருளியது. அத்தனை ஆண்டுகளும் தூண்களின் எழில் இருந்த இடத்திலேயே இருந்தது. இல்லாமல் போனதும் பிறகு திரும்பி வந்ததும் வேறொன்று. விளக்கு, மணியோசை, பிரகாரத்தில் ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்ந்த ஒன்று. '1981-இல் கோயில் தன் தொல்கவின் பெற்றது' என்று எழுதினால் அந்த வாக்கியத்தில் வரலாறும் அடங்கிவிடுகிறது. 'அழகு பெற்றது' என்று எழுதினால் யாரோ வர்ணம் பூசினார்கள் என்றுதான் தோன்றும்.

(அணியிலக்கணம் இந்தக் கோட்டைக்குப் புதிதல்ல. ஆரணியை அடுத்த அடையப்பலத்தில் பிறந்து, அணிகளைப் பற்றிக் குவலயானந்தம் என்ற வடமொழி நூலை எழுதிய அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர் வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர்.)

அடுத்தது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் ஆறு. 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரையையும் தொட்டு ஓடியது. அந்த வெள்ளத்தை எழுதக் கவினைத் தொடாதீர்கள். அது சீற்றம், பெருக்கு, அச்சம். நீர் வடிந்தபின் கிணறுகள் ஊறி, கரையோரக் கழனிகளில் நாற்று பச்சை பிடித்ததே, அங்கே 'கழனி கவினியது' என்று வினையாகவே எழுதலாம். கோட்டை அகழிக்கும் அப்படித்தான். நீர் வற்றிப் பாசி காய்ந்த நாளில் அது வெறும் அகழி. மழைக்குப்பின் நிறைந்து மதிலின் நிழல் விழும்போது அகழி கவின் பெறுகிறது.

ஆட்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். கதையில் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தும் முதல் வரியிலேயே 'கவின்மிகு முகம்' என்று எழுதினால் சொல் வீணாகிவிடும். வாசகர் அந்த முகத்தை முன்பு பார்த்ததில்லை, இழப்பும் தெரியாது, மீட்சியும் தெரியாது. வெளிநாட்டு வேலைக்குப் போன கணவன் திரும்பி வரும் அத்தியாயம் வரை அந்தச் சொல்லைக் கையில் வைத்திருங்கள். அங்கே ஒரே ஒரு முறை எழுதுங்கள். ஒரு கதையில் கவின் இரண்டு முறை வந்தால், ஒன்று போவதற்கும் மற்றொன்று வருவதற்குமாக இருக்கட்டும். பத்து முறை வரக்கூடிய சொல் அல்ல அது. 'மிகு' என்ற ஒட்டையும் கூடிய மட்டும் தவிருங்கள். வினை வர வேண்டிய இடத்தை அந்த ஒட்டு அடைத்துக்கொள்கிறது.

பயிற்சிக்கு ஒரு நூல்

இந்தப் படிகளை ஒருமுறை முடித்தவர்கள் அடுத்து மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளலாம். 583 அடிகள் கொண்ட இந்தப் பாட்டு நம் பழைய வடஆற்காட்டுக்கு உரியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், அவனுடைய நவிரமலை பர்வதமலை என்றும் அறிஞர்கள் கொள்கிறார்கள். கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு ஆகையால் தினைப்புனம், மலைப்பாதை, அருவி, மலையில் கேட்கும் ஓசைகள் என்று காட்சி மாறிக்கொண்டே போகும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஐம்பது அடி போதும். அழகு என்ற பொருளில் வரும் சொல் எதுவானாலும், அது எதற்கு வந்தது, அடை என்ன, வினை என்ன என்ற அதே மூன்று விவரங்களைக் குறியுங்கள். செங்கம் பக்கத்துக்காரர்கள் மழை முடிந்த மாதத்தில் படிக்கத் தொடங்குவது நல்லது. பாட்டில் சொல்லியிருக்கும் மலை அப்போது பச்சையாக இருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு நேரே போய்ச் சரிபார்த்துவிட்டு வரலாம்.